கருணை மதிப்பெண்

கறுப்பாகப் பிறந்தவருக்கு இந்த உலகம் தாராளமாக மார்க் போட்டதாகச் சரித்திரம் கிடையாது. பிறந்த அன்றே அத்தை வந்து குழந்தையின் காது மடலைத் திருப்பிப் பார்த்து, பின்னால் என்ன நிறம் வரும் என்று ஆரூடம் சொல்லிவிட்டுப் போவாள். பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியைத் தின்றுவிட்டு, "பொண்ணு நல்ல பொண்ணுதான், கலர்தான் கொஞ்சம் கம்மி" என்று வாசலில் செருப்பை மாட்டும்போது பத்து மார்க் குறைப்பார்கள். மதுரைப் பக்கத்துக் கிராமத்துப் பெண்ணாக நடிக்க மும்பையிலிருந்து ஆள் வரும். தமிழ் தெரியாவிட்டால் இரவல் குரல் உண்டு, நிறத்தை மட்டும் இரவல் வாங்க முடியாதாம்.

இப்படிப்பட்ட உலகத்தில், கறுப்புத் தோலைக் கண்டால் மட்டும் மனம் இளகி, உள்ளதைவிடக் கூட்டிப் போடும் பரிசோதகர் ஒருவர் இருக்கிறார். நம் வீட்டு மருந்து டப்பாவிலேயே, தலைவலித் தைலத்துக்கும் காலாவதியான இருமல் மருந்துக்கும் நடுவில் படுத்திருக்கிறார். பெயர் பல்ஸ் ஆக்சிமீட்டர். விரலைக் கவ்விப் பத்து விநாடியில் ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று நூற்றுக்கு இத்தனை என மார்க் போடுவார். 95க்கு மேல் என்றால் சுகம். 90க்குக் கீழே என்றால் ஆபத்து. உள்ளே 87 இருக்கும் கறுப்பு ஆளுக்கு இவர் 92 போட்டுக் காட்டுவதுண்டு.

ஆனால் இந்தத் தேர்வின் விதி கொஞ்சம் தலைகீழ். ஃபெயிலானவருக்குத்தான் சீட். குறைந்த மார்க் வாங்கியவருக்குத்தான் கட்டில், சிலிண்டர், மருந்து, மருத்துவர் எல்லாம். பாஸானவர் வீட்டுக்குப் போய்ச் சாகலாம். அதனால்தான் இந்தக் கருணையை இவ்வளவு காலம் யாரும் ஊழல் என்று சொல்லவில்லை. 2024ல் நீட் தேர்வில் 1,563 பேருக்குக் கருணை மதிப்பெண் போட்டார்கள் என்று தெரிந்ததும் நாடே கொதித்தது. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், போட்ட மார்க்கைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். மருத்துவக் கல்லூரிக்குள் நுழைகிறவருக்குப் போட்ட மார்க் அது. மருத்துவமனைக்குள் நுழைய முடியாமல் போனவருக்குப் போட்ட மார்க்குக்கு மறுதேர்வு ஏது?

கருவியின் மேல் எனக்குப் பகை இல்லை. அதைக் கண்டுபிடித்த தகுவோ அயோயகி கும்பிட வேண்டிய மனிதர். ஜப்பானில் நிஹோன் கோதென் நிறுவனத்தின் பொறியாளர். இதயம் எவ்வளவு ரத்தத்தை வெளியேற்றுகிறது என்று அளக்க முயன்றபோது, நாடித் துடிப்பு அளவைக் கெடுத்துக்கொண்டே இருந்தது. தொல்லையாக வந்த அந்தத் துடிப்பையே பிடித்து, துடிக்கும் ரத்தத்தை மட்டும் பிரித்துப் பார்த்தால் ஊசி குத்தாமலே ஆக்சிஜனை அளக்கலாமே என்று யோசித்தார். 1974ல் அதை அறிவித்தார். அறுவைச் சிகிச்சை மேசையில் மயங்கிக் கிடக்கும் கோடிக்கணக்கானவர்கள் கண் விழித்ததில் அந்த யோசனைக்குப் பங்குண்டு. உலகமே அவருடைய கருவியை விரலில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த 2020 ஏப்ரலில் அவர் காலமானார். அவரை விட்டுவிடுவோம். அவருடைய கருவியை வாங்கிக் கடைவிரித்தவர்களிடம் வருவோம்.

வேலை நடப்பது இப்படி. கிளிப்பின் ஒரு பக்கத்திலிருந்து இரண்டு ஒளிகள் விரலுக்குள் பாய்கின்றன. ஒன்று சிவப்பு, சுமார் 660 நானோமீட்டர். இன்னொன்று கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு, சுமார் 940. ஆக்சிஜனைச் சுமந்திருக்கும் ஹீமோகுளோபின் சிவப்பு ஒளியை அதிகம் விழுங்காது. வெறுங்கையோடு திரும்பும் ஹீமோகுளோபின் அதிகம் விழுங்கும். அந்தப் பக்கம் எவ்வளவு ஒளி வந்து சேர்ந்தது என்று பார்த்து, இரண்டின் விகிதத்தைக் கணக்கிட்டு, ஒரு அட்டவணையில் தேடி, விடையைத் திரையில் காட்டுகிறது. தோலில் உள்ள மெலனினும் ஒளியை விழுங்கும், அதிலும் சிவப்பை அதிகமாக. ஆகவே தோலின் நிறம் கணக்குக்குள் கைவைக்கிறது. இது இயற்பியல். இயற்பியல் மேல் வழக்குப் போட முடியாது.

அந்த அட்டவணை வானத்திலிருந்து விழவில்லை. ஆரோக்கியமான தன்னார்வலர்களைப் படுக்கவைத்து, சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜனைப் படிப்படியாகக் குறைத்து, ரத்தத்தை எடுத்துச் சோதித்து, கருவி காட்டும் விகிதத்தோடு பொருத்தி எழுதியது. விடைத்தாள் திருத்துகிறவர் கையில் இருக்குமே விடைக்குறிப்பு, அதுதான் இது. விடைக்குறிப்பு எழுதிய அறைக்குள் யாருடைய விரல்கள் இருந்தன என்பதில்தான் சூட்சுமம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2013ல் வகுத்த வழிகாட்டுதலைப் படித்தால் சிரிப்பு வரும். பத்துப் பேர், அல்லது அதற்கு மேல். அதில் கருந்தோல் உள்ளவர்கள் குறைந்தது இரண்டு பேர் அல்லது 15 சதவீதம், எது அதிகமோ அது.

பத்துக்கு இரண்டு! இட ஒதுக்கீட்டைக் கண்டாலே தகுதி போச்சு, திறமை போச்சு என்று மாரடிப்பவர்கள் கவனிக்க வேண்டும். அமெரிக்கா தோலுக்கு ஒதுக்கீடு கொடுத்திருக்கிறது. ஆனால் 'கருந்தோல்' என்றால் எந்த அளவுக் கறுப்பு என்று யார் முடிவு செய்வது? அதற்கு உறுதியான அளவுகோல் எதையும் கட்டாயமாக்கவில்லை. கொஞ்சம் வெயிலில் நின்றவரை அழைத்துவந்து கணக்குக் காட்டினால் எந்த அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்க்கப்போகிறார்?

தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லலாம்தான். அப்படிச் சொல்லும் வாயை அடைக்க ஒரு ஆண்டு போதும். 1990. அமல் ஜுப்ரான், மார்ட்டின் டோபின் என்ற இரண்டு மருத்துவர்கள், அமெரிக்காவில் செயற்கைச் சுவாசத்தில் இருந்த நோயாளிகளிடம் இந்தக் கருவியைச் சோதித்தார்கள். வெள்ளை நோயாளிக்குக் கருவி 92 காட்டினால் நம்பலாம். கறுப்பு நோயாளிக்கு 95 காட்டினால்தான் நிம்மதி என்று எழுதினார்கள். ஒளித்துவைத்து எழுதவில்லை, மார்பு நோய் மருத்துவர்கள் எல்லோரும் படிக்கும் இதழில் எழுதினார்கள். 2005லும் 2007லும் கலிஃபோர்னியா ஆய்வாளர்கள் அதையே வேறு வழியில் காட்டினார்கள்: ரத்தத்தில் ஆக்சிஜன் குறையக் குறைய, கருந்தோலில் கருவி கூட்டிப் போடும் மார்க்கும் ஏறிக்கொண்டே போகிறது. நிலைமை மோசமாக மோசமாகக் கருணை பெருகுகிறது. மூழ்குகிறவர் ஆழத்துக்குப் போகப் போக, கரையில் இருப்பவர் "நன்றாக நீந்துகிறார்" என்று கை தட்டும் ஏற்பாடு.

கருவிகளில் பிழை இருக்கும்தான். நல்ல தராசும் ஒரு கிராம் முன்னே பின்னே காட்டும். முன்னேயும் காட்டும், பின்னேயும் காட்டும். முப்பது வருஷமாக ஒரே ஆளுக்கு, ஒரே பக்கமாகச் சாய்கிற தராசை எந்தச் சந்தையிலாவது விட்டுவைப்பார்களா? தராசுக்காரருக்கு அன்றே முதுகில் நாலு வைத்திருப்பார்கள்.

வேறு வழியே இல்லை என்றும் தப்பிக்க முடியாது. 1970களில் ஹ்யூலெட் பேக்கார்டு நிறுவனம் காதில் மாட்டும் ஒரு கருவியைச் செய்தது. இரண்டு ஒளி அல்ல, எட்டு அலைநீளங்களில் ஒளி. தோலின் நிறத்தையும் கணக்கில் சேர்க்கப் பார்த்த கருவி. ஆனால் பெரியது, கனமானது, விலையும் அதிகம். 1980களில் இரண்டு ஒளிக் கருவி கையடக்கமாக, மலிவாக வந்ததும் சந்தை தன் தீர்ப்பைச் சொல்லிவிட்டது. சந்தையின் தீர்ப்புக்கு மேல் முறையீடு கிடையாதே.

புகைப்படச் சுருள் விஷயத்தில் நடந்ததைக் கேட்டால், இந்த வியாபாரிகளின் மனசாட்சி எந்த விசையில் இயங்குகிறது என்று புரியும். கோடாக் நிறுவனம் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தை வைத்துத்தான் தன் வண்ணங்களைச் சரிபார்த்தது. கறுப்பு முகங்கள் படத்தில் கண்ணும் பல்லும் மட்டுமாக விழுந்தன. பல ஆண்டுகள் அது ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை. பிறகு மரச்சாமான் விற்பவர்கள் வந்தார்கள்: கருந்தேக்குக்கும் வெளிர்மரத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றார்கள். சாக்லேட் விற்பவர்கள் வந்தார்கள்: பால் சாக்லேட்டும் கறுப்பு சாக்லேட்டும் ஒன்றுபோல இருக்கிறது என்றார்கள். உடனே சுருள் திருந்தியது. நாற்காலிக்கும் மிட்டாய்க்கும் கிடைத்த நீதி மனிதருக்குக் கிடைக்க, மனிதரும் யாராவது விற்கும் சரக்காக இருந்திருக்க வேண்டும். இருந்தார்களே, முந்நூறு வருஷம், என்று யாராவது எழுந்து சொல்லிவிடப் போகிறார்கள்; மேலே போவோம்.

கருவி அறிவிக்கப்பட்ட மறு ஆண்டில், 1975ல், இரண்டு காரியங்கள் நடந்தன. அமெரிக்காவில் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற தோல் மருத்துவர், வெயிலில் எந்தத் தோல் எவ்வளவு பொசுங்கும் என்று மனிதத் தோலை வகைபிரித்தார். முதலில் வெள்ளைத் தோலுக்குள்ளேயே நான்கு வகை கண்டுபிடித்தார்கள். பழுப்புக்கும் கறுப்புக்கும் பிறகு கடைசியில் பலகை போட்டு உட்காரவைத்தார்கள். இந்தியாவிலோ, ஹிந்துஸ்தான் லீவர் 'ஃபேர் அண்ட் லவ்லி'யை இறக்கியது. அங்கே கருவி கறுப்பைக் கண்டு தடுமாறியது, இங்கே க்ரீம் கறுப்பை ஒழிக்கப் புறப்பட்டது. கருவியைத் திருத்துவதைவிட விரலை வெளுப்பாக்குவது சுலபம் என்று நினைத்தார்களோ என்னவோ. 2020ல் அந்த க்ரீமின் பெயரிலிருந்து 'ஃபேர்' போய் 'க்ளோ' வந்தது. பெரிய புரட்சி என்று பத்திரிகைகள் எழுதின. அதே 2020 டிசம்பரில்தான் மிஷிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஒரு சிறு கடிதமாக மருத்துவ இதழில் ஒரு கணக்கை வெளியிட்டார்கள்: கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது, உள்ளே உண்மையில் 88க்குக் கீழே இருந்தவர்கள், வெள்ளையரில் 3.6 சதவீதம், கறுப்பரில் 11.7 சதவீதம். மூன்று மடங்கு. 1990ல் சொன்ன விஷயம்தான். இந்த முறை உலகமே நோய்ப்படுக்கையில் கிடந்ததால் காதில் விழுந்தது.

'அது அமெரிக்கக் கறுப்பர் சமாசாரம், நமக்கென்ன' என்று மாநிறத்துக்காரர்கள் நாற்காலியில் சாய வேண்டாம். 2022ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், கோவிட் நோயாளிகளிடம் கருவி எவ்வளவு கூட்டிக் காட்டியது என்று பார்த்தார்கள். வெள்ளையரோடு ஒப்பிட்டால் கறுப்பருக்கு 1.2 சதவீதப் புள்ளி கூடுதல். ஆசியருக்கு 1.7. கருணையில் நமக்கே முதலிடம். அந்த 'ஆசியர்' என்ற பெட்டிக்குள் டோக்கியோக்காரரையும் திருநெல்வேலிக்காரரையும் ஒன்றாகத்தான் திணிப்பார்கள் என்பது வேறு விஷயம். திருநெல்வேலிக்காரரை மட்டும் தனியாக அளந்தால் என்ன வரும் என்று கேட்க டோக்கியோக்காரருக்கு அவசியமில்லை. கேட்க வேண்டியவர்கள் டில்லியிலும் சென்னையிலும் இருக்கிறார்கள்.

2021 ஏப்ரல், மே. கோவிட் இரண்டாம் அலை. அந்த இரண்டு மாதம் தமிழ்நாட்டில் யாரும் யாரையும் 'சாப்பிட்டாச்சா' என்று கேட்கவில்லை. 'சாச்சுரேஷன் எவ்வளவு' என்றுதான் கேட்டார்கள். சில நூறு ரூபாய்க் கிளிப்பை ஆயிரங்களுக்கு விற்றார்கள். கிளிப்பில் பேனாவைச் செருகினாலும் 98 காட்டுகிறது என்று காணொலிகள் சுற்றின. பேனா நல்ல ஆரோக்கியத்தோடு இருந்திருக்கும் போல. சென்னை ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்றன, கட்டில் காலியாகும்வரை ஆட்கள் உள்ளேயே மூச்சைப் பிடித்துக் கிடந்தார்கள். அந்த வரிசைக்கு முன்னால் ஒரு மேசை, மேசைமேல் ஒரு கிளிப், கிளிப்புக்கு ஒரு கோடு: 94. இந்தியா முழுக்க வழிகாட்டுதல் அதுதான். 94க்குக் கீழே வந்தால் உள்ளே, மேலே இருந்தால் வீட்டுக்கு.

மேசையில் நடந்த உரையாடலை ஊருக்கு ஊர் கேட்டிருப்போம்.

"மூச்சு முட்டுதுங்க சார்."

"95 இருக்கே பெரியவரே. நல்லாத்தான் இருக்கு."

"இல்லீங்க, ரெண்டு அடி வெச்சா நெஞ்சு அடைக்குதுங்க."

"பயப்படாதீங்க. பயத்துல அப்படித்தான் இருக்கும். வீட்டுக்குப் போய்க் குப்புறப் படுங்க. 94க்குக் கீழ வந்தா வாங்க."

மேசையில் உட்கார்ந்திருந்த பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன். அது முகக்கவசமும் பிளாஸ்டிக் உறையும் போட்டுக்கொண்டு, பன்னிரண்டு மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்த பிள்ளை. அந்தப் பிள்ளையின் கையில் இந்த எண்ணைக் கொடுத்து, இதற்கு மேல் யோசிக்காதே என்று அனுப்பிய மேலிடத்தைத்தான் கேட்கிறேன். கருவி 90 காட்டினால் உண்மை 86க்கும் 94க்கும் நடுவில் எங்கேயும் இருக்கலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமே 2021 பிப்ரவரியில் அறிவித்திருந்தது. தோல் நிறம் ஒரு காரணம் என்றும் அதிலேயே எழுதியிருந்தது. நம்முடைய அலை அதற்கு இரண்டு மாதம் கழித்துத்தான் வந்தது. கப்பலில் வந்திருந்தால்கூட அந்தத் தாள் சென்னைத் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்திருக்கும்.

இன்னொன்றும் நம்முடைய அந்த வழிகாட்டுதலில் இருந்தது. நோயாளி நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறார் என்று எண்ண வேண்டும். 24ஐத் தொட்டால் அதுவே ஆபத்து. மூச்சை எண்ணுவதற்கு ஒளி வேண்டாம், பேட்டரி வேண்டாம், விடைக்குறிப்பு வேண்டாம். ஒரு கைக்கடிகாரமும், ஒரு நிமிடம் அந்த மனிதரின் நெஞ்சைப் பார்க்கும் பொறுமையும் போதும். நெஞ்சு ஏறி இறங்குவதற்கு நிறம் கிடையாது. ஆனால் பத்து விநாடியில் எண் தரும் கிளிப் இருக்கும்போது, ஒரு நிமிடம் யாரிடம் இருந்தது? ஆளும் போடவில்லை, நேரமும் தரவில்லை. எண்ணை மட்டும் தந்தார்கள்.

அதே ஏப்ரலில், அமெரிக்காவில் மினியாபோலிஸ் நகரத்து நீதிமன்றத்தில் ஒரு மருத்துவர் சாட்சிக் கூண்டில் உட்கார்ந்து மூச்சை எண்ணிக் காட்டினார். ஜார்ஜ் ஃபிளாய்டு என்ற கறுப்பரின் கழுத்தில் போலீஸ்காரர் முழங்காலை வைத்து அழுத்திக் கொன்ற வழக்கு. எதிர்த்தரப்பு சொன்னது என்ன? அவருக்கு இதயநோய் இருந்தது, போதைப்பொருள் உடம்பில் இருந்தது என்று. முழங்காலைத் தவிர மற்ற எல்லாம் காரணம். சாட்சி சொன்ன மருத்துவர், காணொலியில் ஃபிளாய்டின் மூச்சை ஒவ்வொன்றாக எண்ணினார். நிமிடத்துக்கு 22. போதையால் அடங்கிய மூச்சு இப்படி இருக்காது என்றார். ஆக்சிஜன் குறைந்துதான் அவர் இறந்தார் என்று தெளிவாகச் சொன்னார். அந்த மருத்துவர் மார்ட்டின் டோபின். ஆமாம், 1990ல் கறுப்பு நோயாளிகளின் விரலில் கருவி பொய் சொல்கிறது என்று எழுதிய அதே டோபின். முப்பத்தொரு வருஷம் கழித்தும் ஒரு கறுப்பு மனிதருக்கு மூச்சு முட்டியது என்பதை நிரூபிக்க அதே ஆள்தான் வர வேண்டியிருந்தது.

நம்முடைய நாட்டில் அந்தச் சிரமமே இல்லை. 2021 ஜூலை 20, மாநிலங்களவை. ஆக்சிஜன் இல்லாமல் எத்தனை பேர் இறந்தார்கள் என்று கேள்வி. சுகாதாரத் துறை இணை அமைச்சர் பாரதி பிரவீண் பவாரின் எழுத்துபூர்வமான பதில்: சுகாதாரம் மாநிலங்களின் பொறுப்பு; ஆக்சிஜன் பற்றாக்குறையால் இறந்ததாகக் குறிப்பாக எந்த மாநிலமும் தெரிவிக்கவில்லை. முதல் அலையில் நாளொன்றுக்கு 3,095 டன்னாக இருந்த ஆக்சிஜன் தேவை இரண்டாம் அலையில் சுமார் 9,000 டன் ஆனது என்பதும் அதே பதிலில் இருக்கிறது. தேவை மூன்று மடங்கு, சாவு பூஜ்யம். செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் மே முதல் வாரத்தில் ஒரே இரவில் 13 பேர் இறந்தார்கள்; ஆக்சிஜன் காரணமில்லை என்று விளக்கம் வந்தது. நாசிக்கில் ஆக்சிஜன் தொட்டி கசிந்து 22 பேர் போனார்கள். அது கசிவு, பற்றாக்குறை அல்ல, சரிதான். இறப்புச் சான்றிதழில் இதயம் நின்றது என்று எழுதினால் பிழையே கிடையாது. எல்லோருக்கும் கடைசியில் இதயம் நிற்கத்தான் செய்கிறது. தூக்கில் போடப்பட்டவருக்கும் நிற்கிறது.

அதே ஜூலை 20ல் இன்னொரு நல்ல காரியமும் நடைமுறைக்கு வந்தது. மருந்து விலை நிர்ணய ஆணையம் பல்ஸ் ஆக்சிமீட்டருக்கு வியாபாரிகள் வைக்கும் லாபத்துக்கு 70 சதவீதம் என்று உச்சவரம்பு போட்டது. கிளிப் எத்தனை ரூபாய் கூட்டி விற்கலாம் என்பதற்கு வரம்பு. கிளிப் எத்தனை மார்க் கூட்டிக் காட்டலாம் என்பதைப் பற்றி அந்த உத்தரவில் ஒரு வார்த்தை இல்லை. அது இந்தத் துறை இல்லையாம், வேறு துறையாம்.

கருணைக்குக் கறுப்பாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. பெண்ணாக இருந்தாலே போதும். இந்தக் கருவி அளப்பது, ஓடுகிற ஹீமோகுளோபினில் எத்தனை பங்கு ஆக்சிஜனைச் சுமந்திருக்கிறது என்பதை மட்டும்தான். ஹீமோகுளோபின் எவ்வளவு இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. டெசிலிட்டருக்கு 15 கிராம் இருப்பவரின் ரத்தத்தில், டெசிலிட்டருக்குச் சுமார் 20 மில்லி ஆக்சிஜன் ஓடும். 7 கிராம் இருக்கிற பெண்ணின் ரத்தத்தில் 9 மில்லிதான். இரண்டு பேருக்கும் திரையில் 98. கேட்ட பத்துக் கேள்வியில் ஐந்துக்குத்தான் விடை எழுதினாள், எழுதிய ஐந்தும் சரி, ஆகவே நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு! தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கடைசிப் பந்தியில் மிச்சத்தைச் சாப்பிட்டு வளர்ந்த பெண்ணுக்கு, 'உனக்கு ஒரு குறையும் இல்லை' என்று நற்சான்று தருவதில் மாமியாருக்கு அடுத்தபடி இந்தக் கருவிதான்.

இதையெல்லாம் தாண்டி மருத்துவரின் கண் இருக்கிறதே, அது பார்க்காதா? பார்க்கும். ஆக்சிஜன் குறைந்தால் உதடு நீலமாகும் என்று புத்தகத்தில் படித்த கண். புத்தகத்தில் நீலமான உதடு யாருடையது? வெள்ளைக்காரருடையது. வெற்றிலை போட்ட உதட்டிலும், பீடியால் கறுத்த உதட்டிலும், பிறவியிலேயே கறுத்த உதட்டிலும் நீலம் எப்படித் தெரியும் என்று படம் போட்டவர்கள் குறைவு. கருந்தோலில் நோய்க்குறிகள் எப்படித் தெரியும் என்று 2020ல் ஒரு கையேடு வந்தது. எழுதக் கிளம்பியவர், லண்டனில் படித்துக்கொண்டிருந்த மலோன் முக்வென்டே என்ற மாணவர். பேராசிரியர்கள் நூறு வருஷமாகச் செய்ய நினைக்காததைச் செய்ய ஒரு மாணவர் வர வேண்டியிருந்தது. நீலத்துக்கும் ஒரு விதி உண்டு: ஆக்சிஜன் இல்லாத ஹீமோகுளோபின் ஒரு குறிப்பிட்ட அளவு சேர்ந்தால்தான் தோல் நீலமாகும். கடுமையான ரத்தசோகை உள்ளவருக்கு அந்த அளவு சேரவே ரத்தம் போதாது. ஆகவே அவர் நீலமாகாமலே சாவார். நாக்கைப் பார், உதட்டின் உள்பக்கம் பார், கண்ணிமையைத் திருப்பிப் பார் என்று சொல்லிக்கொடுத்த பழைய ஆசிரியர்கள் இருந்தார்கள். கிளிப் வந்ததும் அவர்கள் பாடத்தையும் மடித்துவைத்தாயிற்று.

இங்கிலாந்தில் அமைச்சர் சஜித் ஜாவித் 2021 நவம்பரில் விசாரணைக்கு உத்தரவிட்டார். அறிக்கை வர 2024 மார்ச் ஆயிற்று. ஆமை வேகம்தான், ஆனால் ஆமை கிளம்பியது. கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் ஒரு சமூக மருத்துவமனை 2023ல் கருவி செய்பவர்கள், விற்பவர்கள் மீது வழக்குப் போட்டது. அமெரிக்க நிர்வாகம் 2022லும் 2024லும் நிபுணர்களைக் கூட்டிப் பேசி, 2025 ஜனவரியில் புது வரைவு ஒன்றை வெளியிட்டது: இனிமேல் பத்துப் பேர் போதாது, 150 பேரிடம் சோதியுங்கள்; வெளுப்பு, இடைநிறம், கறுப்பு என எல்லாத் தோலும் போதிய அளவு இருக்கட்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது பரிந்துரை, கட்டாயமில்லை. அதுவும் மருத்துவப் பயனுக்கென்று விற்கும் கருவிகளுக்குத்தான். மருந்துக்கடையிலும் இணையத்திலும் நாம் வாங்குவதில் பெரும்பகுதி 'உடல்நலம் பேண', 'விளையாட்டு வீரர்களுக்கு' என்ற பெயரில் வருகிறது. மருத்துவத்துக்கு அல்ல என்று டப்பாவின் அடியில், எறும்பு படிக்கும் எழுத்தில் போட்டிருப்பார்கள். 2021ல் நாம் விரலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது ஓட்டப்பந்தயத்துக்காகத்தான் என்று அவர்கள் நினைத்திருக்கலாம்.

இங்கே என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்ன மனு எழுதித் தருகிறேன், கோட்டையிலும் கொடுக்கலாம், டில்லிக்கும் அனுப்பலாம். நம் நாட்டில் பத்து ரூபாய் முறுக்குப் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருக்கிறது. உள்ளே என்ன எண்ணெய், எத்தனை கிராம் உப்பு, எந்த ஊரில் பொரித்தது, எந்தத் தேதியில் கெட்டுப்போகும் என்று எல்லாம் அச்சிட்டிருக்கிறது. இல்லாவிட்டால் அதிகாரி வந்து கடையை மூடுவார். ஆக்சிமீட்டர் டப்பாவின் மேல் ஒரே ஒரு வரி சேர்க்கச் சட்டம் போடட்டும்: 'இக்கருவி எத்தனை பேரிடம் சோதிக்கப்பட்டது, அதில் கறுப்பு விரல்கள் எத்தனை.' அந்த இடத்தில் பூஜ்யம் என்று போட வேண்டிவந்தால் பூஜ்யம் என்றே போடட்டும், பெரிய எழுத்தில். பூஜ்யம் என்று எழுத நம் அரசுக்குக் கை கூசியதே இல்லையே.